மொலோக்காய் தமியான்

மொலோக்காய் தமியான் அல்லது புனித தமியான் (சனவரி 3, 1840 – ஏப்ரல் 15, 1889) பெல்ஜியம் நாட்டில் பிறந்த உரோமன் கத்தோலிக்கக் குருவும் மறைபரப்பாளரும் ஆவார். இவரது இயற்பெயர் யோசேப் தெ வூஸ்தர். இயேசு மரியின் திரு இருதயங்கள் சபையைச் சேர்ந்த இவர், ஹவாய் முடியரசின் மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளர் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த குடியிருப்பில் 1873 முதல் ஏறத்தாழ 16 ஆண்டுகள் பணியாற்றினார். அந்நோய் தமக்கும் தொற்றியதால் தமது 49ஆம் அகவையில் அங்கேயே இறந்தார். சாகும் நிலையில் உள்ளோரை நல்ல மரணத்துக்கு ஆயத்தம் செய்வதே தமது பணி என்று கருதிச் சென்றவர், நாளடைவில் அவர்கள் வாழ்வதற்கான வீடு, நீர், உணவு, மருந்து ஆகியவற்றுக்காகப் போராடுபவராக மாறினார். கத்தோலிக்கத் திருச்சபை 2009ஆம் ஆண்டு இவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியது.

பிறப்பும் இளமையும்

பெல்ஜியத்தின் பிளெமிய மொழி பேசும் பகுதியில் உள்ள டிரெமெலோ என்ற சிற்றூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் யோசேப் பிறந்தார். தந்தை பிரான்சு தெ வூஸ்தர் தானிய வணிகமும் செய்துவந்தார். தாயார் ஆன் காத்தரின் ஆழ்ந்த சமயப்பற்று உடையவர். குடும்பத் தொழிலை ஏற்று நடத்துவார் என்ற எதிர்பார்ப்பில் யோசேப்பைப் பெற்றோர் பிரெஞ்சு மொழி கற்க வெளியூருக்கு அனுப்பினர். ஆனால் இவருடைய சகோதரியர் இருவர் ஏற்கெனவே கன்னியர் மடம் புகுந்திருந்தனர். அண்ணன் ஒகுஸ்த், பம்பில் என்ற துறவறப் பெயருடன் லூவன் நகரில் திரு இருதயங்கள் சபையில் சேர்ந்திருந்தார். அவரைப் பின்பற்றி யோசேப்பும் 1859ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே மடத்தில் சேர்ந்தார். பழங்காலக் கிறித்தவ மருத்துவரும் மறைச்சாட்சியுமான தமியானின் பெயர் இவருக்குச் சூட்டப்பட்டது.

போதிய இலத்தீன் கல்வி இல்லாத காரணத்தால் முதலில் குருத்துவப் படிப்புக்குத் தகுதியற்றவராகவே இவர் கருதப்பட்டார். அண்ணனிடம் ஓய்வு நேரங்களில் இலத்தீன் கற்று விரைவில் தேர்ச்சி காட்டியதால் மேலாளர்கள் தம் முடிவை மாற்றிக்கொண்டனர்.

துறவற வார்த்தைப்பாடு

தமியான் 1860 அக்டோபர் 7 அன்று பாரிசு நகரில் இறுதி வார்த்தைப்பாடு அளித்தார். இச்சபையின் வழக்கப்படி, வார்த்தைப்பாடு அளிப்போர் தரையில் குப்புறக் கிடக்க, சவப்பெட்டியின் மேல் விரிக்கும் கருந்துணி அவர்கள்மேல் விரிக்கப்படும். உலகுக்கு இறந்து புதிய வாழ்வுக்கு எழுவதை இச்சடங்கு குறிக்கும். மரணம் முடிவன்று, மறுவாழ்வின் வாயில் என்ற கிறித்தவ நம்பிக்கையின் வெளிப்பாடாகவும் இது அமைந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் மொலோக்காயில் நிலையாகத் தங்க அனுமதி கேட்டபோது தமியான் இந்தக் கருந்துணியையே காரணமாக நினைவுகூர்ந்தார்.

ஹவாய்ப் பயணம்

1863ஆம் ஆண்டு பம்பில் ஹவாய்த் தீவுகளுக்கு மறைபரப்பாளராக அனுப்பப்பட இருந்தார். புறப்படும் வேளையில் அவர் கடும் காய்ச்சலில் விழுந்தார். தமியான் உள்ளூர் மேலாளரைக் கலந்துகொள்ளாமல் நேரடியாகச் சபைத் தலைவருக்கு மடல் எழுதி, அண்ணனின் இடத்தில் தம்மை அனுப்புமாறு வேண்டி அனுமதி பெற்றார். ஜெர்மனியின் பிரெமர்ஹாவன் துறைமுகத்திலிருந்து கடல்வழி சென்று 1864 மார்ச்சு 19 அன்று ஹொனலூலுவை அடைந்தார். அதே ஆண்டு மே 21 அன்று அந்நகரின் அமைதியின் அன்னை பேராலயத்தில் குருவாக அருட்பொழிவு பெற்றார்.

அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவின் பூனா, கோஹாலா ஆகிய மாவட்டங்களில் இவர் பணியாற்றினார். எரிமலைச் சரிவுகளில் நெடுந்தொலைவு நடந்தும் குதிரையில் சென்றும் சிதறிய சிற்றூர்களைச் சந்தித்தார். ஹவாய் மொழியைக் கற்றார். தச்சுவேலையில் கைதேர்ந்தவராதலால் சிற்றாலயங்களைத் தம் கையாலேயே கட்டினார். இத்திறனே பின்னாளில் மொலோக்காயில் பெரிதும் பயன்பட்டது.

தொழுநோயும் ஒதுக்கற் சட்டமும்

வெளிநாட்டவர் வருகைக்குப் பின் பெரியம்மை, தட்டம்மை, சளிக்காய்ச்சல் முதலிய புதிய நோய்கள் ஹவாய் மக்களைப் பெருமளவில் அழித்தன. 1872ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 57,000ஐ எட்டவில்லை. இந்நிலையில் தொழுநோயும் பரவவே, ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் 1865இல் நோயாளரை ஒதுக்கிவைக்கும் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். மொலோக்காய்த் தீவின் வடகரையில், மூன்று புறம் கடலும் ஒரு புறம் ஏறத்தாழ 600 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையும் சூழ்ந்த ஒரு தீவக்குறை இதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1866 சனவரி 6 அன்று முதற்குழுவினர் அங்குள்ள கலவாவோவில் இறக்கப்பட்டனர்.

நோயாளர் தாமே பயிரிட்டு உண்பர் என்று அரசு எதிர்பார்த்தது. கைவிரல்களை இழந்தவர்களாலும் எழ இயலாதவர்களாலும் அது முடியவில்லை. உணவு, உடை, உறைவிடம், மருத்துவர் அனைத்துக்கும் பற்றாக்குறை நிலவியது. அனுப்பப்பட்டவர் திரும்புவதில்லை என்பதால் குடும்பத்தினர் அவரை இறந்தவராகவே எண்ணி அழுது விடைகொடுத்தனர். ஹவாய் மக்கள் இந்நோயைப் பிரிக்கும் நோய் என்றே அழைத்தனர்.

எனினும் குடியிருப்பு முற்றிலும் ஒழுங்கற்றுக் கிடந்தது என்று சில பழைய நூல்கள் கூறுவது மிகை. நோயுற்ற துணையுடனோ பிள்ளையுடனோ தாமும் வந்து தங்கிய நலமுள்ள உறவினர் பலர் இருந்தனர். இவர்கள் கோக்குவா என்று அழைக்கப்பட்டனர். 1866இலேயே நோயாளர் 35 பேர் கூடிச் சிலோவாமா என்ற சீர்திருத்தச் சபை ஒன்றை அமைத்தனர். 1872இல் புனித பிலோமினா பெயரில் சிறிய கத்தோலிக்க ஆலயம் ஒன்றும் எழுப்பப்பட்டது. ஆனால் அங்கே தங்கியிருக்கும் குரு எவரும் இல்லை.

மொலோக்காய்க்குச் செல்லல்

1873 மே மாதத் தொடக்கத்தில் மாவுயித் தீவில் ஓர் ஆலயத் திருப்பொழிவுக்குக் குருக்கள் கூடியிருந்தபோது, ஆயர் லூயி மேகிரே கலவாவோவின் நிலையை எடுத்துரைத்தார். அங்குச் செல்வது சாவை ஏற்பதற்கு ஒப்பாகலாம் என்பதால் எவரையும் கட்டளையிட்டு அனுப்ப அவர் விரும்பவில்லை. குருக்கள் நால்வர் முன்வந்தனர். சில மாதங்களுக்கு ஒருவராக முறைவைத்துச் செல்வது என முடிவாயிற்று. முதல் முறை தமியானுடையது. 1873 மே 10 அன்று, ஏறத்தாழ 50 நோயாளரையும் கால்நடைகளையும் ஏற்றிவந்த கப்பலில் ஆயருடன் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு அகவை 33. தங்க வீடு இல்லாததால் முதல் இரவுகளை ஆலயத்தின் அருகிலிருந்த ஒரு தாழை மரத்தடியில் கழித்தார்.

வந்த சில நாட்களிலேயே தம்மை நிலையாக அங்கே விட்டுவைக்குமாறு தமியான் மேலாளருக்கு எழுதினார். ஹொனலூலு நாளிதழ்கள் இவரைப் புகழ்ந்து எழுதியதால் இவரைத் திரும்ப அழைப்பதும் எளிதாயில்லை. முறைவைத்துச் செல்லும் ஏற்பாடு கைவிடப்பட்டது.

அதே ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். ஆயினும் நோய்க்கு மருந்து கிடைக்க மேலும் ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின.

இறந்தோர்க்கு ஆற்றிய பணி

தமியான் வந்தபோது குடியிருப்பில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். சாவு அன்றாட நிகழ்வாக இருந்தது. சவப்பெட்டி வாங்க வசதியற்றோர் துணியில் சுற்றப்பட்டு ஆழமற்ற குழிகளில் புதைக்கப்பட்டனர். பன்றிகளும் நாய்களும் அக்குழிகளைத் தோண்டின. தம் உடலுக்கும் இக்கதியே நேரும் என்ற அறிவு, உயிரோடு இருந்தவர்களின் மனத்தை நோயைக்காட்டிலும் முறித்தது.

தமியான் முதலில் செய்த வேலைகளில் ஒன்று கல்லறைத் தோட்டத்துக்கு வேலியிட்டது. பின்னர்த் தாமே சவப்பெட்டிகள் செய்யத் தொடங்கினார். அவர் கையால் செய்தவை பல நூறு இருக்கும் என்று கணக்கிடப்படுகிறது. பல நேரங்களில் குழி தோண்டியவரும் இறுதிச் சடங்கை நடத்தியவரும் அவரே. நோயாளரைக் கொண்டு இறுதிச் சடங்குச் சங்கங்களையும் இசைக்குழுவையும் அமைத்தார். சங்கத்தினர் சீருடை அணிந்து, கொடியும் பறையும் பாடலுமாக இறந்தவரைக் கல்லறைக்கு இட்டுச்சென்றனர். விரல்களை இழந்தவர்களும் இசைக்கருவிகளைப் பழகினர். கல்லறைத் தோட்டம் இவரது வீட்டின் பக்கத்திலேயே இருந்தது. மாலைவேளைகளில் அங்கே செபமாலை சொல்லியபடி நடப்பது இவரது வழக்கம்.

வாழ்வோர்க்கு ஆற்றிய பணி

நோயாளரைத் தொடவேண்டாம் என்று தமியானுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. ஆனால் நோயில் பூசும் அருட்சாதனத்தைத் தொடாமல் நிறைவேற்ற இயலாது. தொட அஞ்சும் குருவை நோயாளர் நம்பமாட்டார்கள் என்பதையும் அவர் உணர்ந்தார். ஆகவே அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்களுடன் ஒரே கலத்தில் உண்டார். புண்களின் நாற்றத்தைத் தாங்கப் புகைக்குழல் பழகிக்கொண்டார். தொழுநோய் தொண்டையைத் தாக்கியதால் ஆலயத்தில் எச்சில் ஒழுகி வெட்கமுற்றோருக்காகத் தரைப்பலகையில் துளைகள் இட்டார். சுருட்டிய இலையை அத்துளையில் செருகி அவர்கள் பயன்படுத்தினர்.

தொலைவிலிருந்த பள்ளத்தாக்கிலிருந்து நீரைக் குடியிருப்புக்குக் கொண்டுவரக் குழாய்கள் வேண்டும் என்று அரசு நலவாரியத்தை வற்புறுத்திப் பெற்றார். அவற்றைப் பதிக்கும் வேலையில் நோயாளருடன் சேர்ந்து உழைத்தார். புயலில் புல் குடிசைகள் அழிந்தபின் மரப்பலகைகள் பெற்று வீடுகள் கட்டினார். பெற்றோரை இழந்த சிறுவருக்கும் சிறுமியருக்கும் தனித்தனி இல்லங்கள் அமைத்தார். படகுத்துறைக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட்டார். 1877இல் குடியிருப்பின் கண்காணிப்பாளராகச் சிறிது காலம் பொறுப்பேற்றார்.

அரசு இவரையும் சில காலம் தீவக்குறையைவிட்டு வெளியேறாதபடி தடுத்தது. கத்தோலிக்கக் குரு ஒருவர் தம் பாவங்களை அறிக்கையிட மற்றொரு குரு வேண்டும். இவரைக் காண வந்த சபை மேலாளரைக் கரையிறங்க அனுமதிக்காதபோது, தமியான் சிறுபடகில் கப்பலின் அருகே சென்று, மேல்தளத்தில் நின்ற மேலாளரிடம் பிறர் கேட்க உரக்கப் பாவ அறிக்கை செய்தார். இத்தடை பின்னர்த் தளர்த்தப்பட்டது.

1881இல் ஆட்சிப் பொறுப்பில் இருந்த இளவரசி லிலியுகலானி குடியிருப்பைப் பார்வையிட்டபின் தமியானுக்குக் கலாகவுவா மன்னரின் வீரர் விருது வழங்கப்பட்டது.

மறைபரப்பும் பிற சமயத்தாரும்

தமியான் தம் காலத்துக் கத்தோலிக்க மறைபரப்பாளர். திருமுழுக்கு இன்றி எவரும் இறந்துவிடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தவர். மடல்களில் சீர்திருத்தச் சபையினரைப் பற்றிக் கடுமையாக எழுதியதும் உண்டு. சாகும் நிலையில் உள்ளோரை மதம் மாற்றினார் என்ற குற்றச்சாட்டு இதனால் எழுந்தது. ஆனால் உணவு, மருந்து, வீடு, சவப்பெட்டி ஆகியவற்றைப் பகிர்வதில் அவர் சமயம் பார்க்கவில்லை. மார்மன் சபையின் தலைவர்களுள் ஒருவரான யோனத்தான் நாப்பேலா, தொழுநோயுற்ற தம் மனைவியுடன் தாமும் வந்து குடியிருப்பில் தங்கியவர். அவரும் தமியானும் நண்பர்களாயினர். நாப்பேலாவும் பின்னர் நோயுற்று 1879இல் அங்கேயே இறந்தார்.

நோயுறுதல்

1884 டிசம்பரில் தமியான் கால்களைக் கொதிநீரில் வைத்தபோது தோல் வெந்தும் வலி தெரியவில்லை. 1885இல் மருத்துவர் எடுவார்டு ஆர்னிங் நோயை உறுதிசெய்தார். முன்பே தம் மறையுரைகளில் நோயாளரையும் தம்மையும் ஒருங்கே சேர்த்து நாம் என்று குறிப்பிட்டுவந்த தமியானுக்கு அச்சொல் உடலளவிலும் மெய்யாயிற்று. தாயாருக்கு அவர் இதை வெளிப்படையாக எழுதவில்லை. செய்தித்தாள்கள் வழியாக மகனின் நிலையை அறிந்த தாயார் 1886இல் இறந்தார்.

அவ்வாண்டு சூலையில் சப்பானிய மருத்துவர் கோத்தோவின் குளியல் சிகிச்சை பெற ஹொனலூலு சென்றார். அங்குக் கலாகவுவா மன்னர் இவரைச் சந்தித்தார். சிகிச்சை நிலையான பலன் தரவில்லை. எனினும் அம்முறையைத் தம் நோயாளருக்காகக் கலவாவோவிலும் தொடங்கினார்.

முரண்பாடுகள்

தமியான் பிடிவாதமும் முன்கோபமும் உள்ளவர் என்று உடன் பணியாற்றியோர் பதிவு செய்துள்ளனர். உதவிக்கு அனுப்பப்பட்ட குருக்கள் சிலருடன் அவரால் இணங்கிப்போக முடியவில்லை. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் குரு ஹியூ சாப்மன் திரட்டிய நன்கொடை பெருந்தொகையாக வந்துசேர்ந்தபோது, தமியான் விளம்பரம் தேடுகிறார் என்றும், அரசும் சபையும் நோயாளரைப் புறக்கணித்தது போன்ற தோற்றம் ஏற்படுகிறது என்றும் மேலாளர்கள் வருந்தினர். நோயுற்ற இறுதி ஆண்டுகளில் இக்கண்டிப்புகள் இவரை மிகவும் துன்புறுத்தின. தாம் விண்ணகத்துக்குத் தகுதியற்றவரோ என்ற மனச்சோர்வும் அக்காலத்தில் இவரை வாட்டியது.

இறுதிக்காலம்

கடைசி ஆண்டுகளில் தமியானுக்கு உதவியாளர் கிடைத்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய யோசேப் டட்டன் 1886இல் வந்து, 1930 வரை நோயாளருக்குத் தொண்டு செய்தார். பெல்ஜியக் குரு கொன்ரார்தி 1888இல் வந்தார். பிரான்சிஸ்கன் சபை அன்னை மரியான் கோப்பும் இரு கன்னியரும் அதே ஆண்டு நவம்பரில் வந்தனர். இதனால் தம் பிள்ளைகள் ஆதரவின்றி விடப்படமாட்டார்கள் என்ற ஆறுதல் இவருக்குக் கிட்டியது.

1889 மார்ச்சு இறுதியில் படுக்கையில் விழுந்தார். உயிர்ப்புப் பெருவிழாவை விண்ணுலகில் கொண்டாடப்போவதாகச் சொல்லி அமைதியாக இருந்தார். ஏப்ரல் 15 அன்று, புனித வாரத்தின் திங்கட்கிழமை, இறந்தார். தாம் முதல் இரவுகளைக் கழித்த தாழை மரத்தடியிலேயே புதைக்குமாறு அவர் கேட்டிருந்தார். அவ்வாறே, பல நூறு பேருக்குச் சவப்பெட்டி செய்தவரின் பெட்டியை அவர் அமைத்த சங்கத்தினரே இசையுடன் சுமந்துசென்றனர். பயணம் தடைப்பட்ட அண்ணன் பம்பில் 1895இல் மொலோக்காய்க்கு வந்து சில காலம் பணியாற்றித் தாய்நாடு திரும்பினார்.

இறப்புக்குப் பின் எழுந்த சர்ச்சை

தமியானின் மறைவுச் செய்தி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. அவ்வேளையில் ஹொனலூலுவின் சீர்திருத்தச் சபைப் போதகர் சார்லசு ஹைடு, தமியான் தூய்மையற்றவர், பிடிவாதக்காரர், ஒழுக்கக்கேட்டால் நோயுற்றவர் என்று சக போதகர் ஒருவருக்குத் தனி மடல் எழுதினார். அது ஆஸ்திரேலியாவில் அச்சில் வெளிவந்தது. தொழுநோயை மேகநோயின் முற்றிய நிலையாகக் கருதிய மருத்துவர்களும் அக்காலத்தில் இருந்ததால் இப்பழி எளிதில் பரவக்கூடியதாக இருந்தது.

புதையல் தீவு நூலின் ஆசிரியர் இராபர்ட்டு லூயி சுடீவன்சன், தமியான் இறந்த அடுத்த மாதமே அக்குடியிருப்பில் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கியிருந்தார். சீர்திருத்தச் சபைக் குடும்பத்தில் பிறந்த அவர், 1890 பெப்ரவரியில் சிட்னியிலிருந்து ஹைடுக்கு மறுப்பாக வெளிப்படை மடல் ஒன்றை வெளியிட்டார். தமியானின் குறைகள் சிலவற்றை அவர் மறைக்கவில்லை. ஒழுக்கக்கேடு பற்றிய பழியை வன்மையாக மறுத்தார். மற்றவர் ஒதுங்கி நின்ற இடத்தில் இறங்கி உழைத்தவர் தமியான் என்பதை எடுத்துக்காட்டினார்.

கல்லறை இடமாற்றமும் புனிதர் பட்டமும்

பெல்ஜிய அரசின் வேண்டுகோளின்படி 1936இல் தமியானின் உடல் தோண்டியெடுக்கப்பட்டு, இறுதியில் மெர்க்காத்தோர் என்ற பாய்மரக் கப்பலில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தை அடைந்தது. மன்னர் மூன்றாம் லியோபோல்டு நேரில் வரவேற்றார். உடல் லூவன் நகரில் நல்லடக்கம் செய்யப்பட்டது. தம்முடனே இருக்க விரும்பியவரை இழந்ததில் கலாவுபப்பா மக்களுக்கு நீண்டகாலம் வருத்தம் இருந்தது. 1995 சூன் 4 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பிரசல்சில் தமியானுக்கு அருளாளர் பட்டம் அளித்தார். அவ்வாண்டே அவருடைய வலக்கை மொலோக்காய்க்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டு முதற்கல்லறையில் வைக்கப்பட்டது. 2009 அக்டோபர் 11 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டு இவரைப் புனிதராக அறிவித்தார். இவரது திருவிழா, மொலோக்காயில் கரையிறங்கிய நாளான மே 10 அன்று கொண்டாடப்படுகிறது. அன்னை மரியான் கோப் 2012இல் புனிதரானார்.

பின்விளைவுகளும் தமிழ்நாட்டுத் தொடர்பும்

1940களில் சல்போன் மருந்துகள் வந்தபின் தொழுநோய் குணப்படுத்தக்கூடியதாயிற்று. ஹவாயின் ஒதுக்கற் சட்டம் 1969இல் முடிவுக்கு வந்தது. அதுவரை ஏறத்தாழ 8,000 பேர் மொலோக்காய்க்கு அனுப்பப்பட்டிருந்தனர். மாந்தரில் பெரும்பாலோர்க்கு இந்நோய்க்கு எதிரான இயற்கை ஆற்றல் உண்டு என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

பெல்ஜிய மருத்துவர் பிரான்சு ஹெமரிக்ஸ் 1955இல் தமிழ்நாட்டின் பொலம்பாக்கத்தில் தொழுநோய் மையம் ஒன்றைத் தொடங்கினார். மருத்துவர் கிளேர் வெல்லுத் அவருடன் பணியாற்றிப் பின்னர் அம்மையத்தை நடத்தினார். நோயாளரை ஊரைவிட்டு அகற்றாமல், மருத்துவக் குழு ஊர் ஊராகச் சென்று மரத்தடிகளில் மருந்து வழங்கும் முறை அங்கே கையாளப்பட்டது. பெல்ஜியத்தில் தமியானின் பெயரால் அமைந்த அறக்கட்டளை இப்பணியைப் பின்னர்ப் பல இடங்களுக்கு விரிவாக்கியது. கலவாவோவில் ஒதுக்கப்பட்டோர் தம் வீட்டைத் திரும்பக் காணவில்லை. பொலம்பாக்கத்தைச் சுற்றிய சிற்றூர்களில் நோயாளர் தம் வீட்டிலிருந்தே மருத்துவம் பெற்றனர்.

நினைவுகள்

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் தேசியச் சிலைத் தொகுப்பில் ஹவாய் மாநிலத்தின் சார்பாக வைக்கப்பட்டுள்ள இரு சிலைகளில் ஒன்று தமியானுடையது. மரிசோல் எசுக்கோபார் வடித்த அச்சிலை 1969இல் நிறுவப்பட்டது. நோயால் உருமாறிய முகத்துடனேயே அவரைக் காட்டுகிறது. 1999இல் பால் காக்சு இயக்கத்தில் இவரது வாழ்க்கை திரைப்படமாக வெளிவந்தது. 2005இல் பிளெமியத் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் எக்காலத்துக்கும் உரிய மாபெரும் பெல்ஜியராக இவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கலவாவோவின் புனித பிலோமினா ஆலயமும் அதன் அருகிலுள்ள கல்லறையும் 1980இல் உருவாக்கப்பட்ட கலாவுபப்பா தேசிய வரலாற்றுப் பூங்காவில் அடங்கும்.